கஞ்சன் என்றொரு பிடி

"இன்னுமா ஏறி முடிக்கல?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இந்த ஊரில் பாக்கி இல்லை. மாடி வீட்டுக்காரி கேட்டாயிற்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிறவள் திங்கட்கிழமை தவறாமல் கேட்கிறாள். விரிப்பின் அந்த முனையை அவள் பிடித்திருக்கிறாள், இந்த முனையை நான் பிடித்திருக்கிறேன். ஓடவும் முடியாது, அறையவும் முடியாது. என் அக்கா போனில் கேட்கிற அழகே தனி. "பேசாம அந்தப் பாறையையே கட்டிக்கிட்டிருக்கலாமேடி, நடுவுல அந்த மனுஷன் எதுக்கு?" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குச் சுள்ளென்று ஏறும். போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் பாத்திரங்களை உருட்டுவேன்.

ஊருக்கு வெளியே கல் வெட்டிக் கைவிட்ட குவாரி ஒன்று இருக்கிறது. அதன் வடக்குச் சுவர் கத்தியால் சீவியது போல நேராக நிற்கும். மேலே போகப் போக நம் பக்கமாகச் சாயும். அதில் ஏறுவதுதான் என் வேலை. சம்பளம் தருகிற வேலை சலவைக்கூடத்தில், இது சொந்த வேலை. கயிறு கீழேயிருந்து நம்மோடு வரும். சுவரில் அடித்திருக்கும் இரும்பு வளையங்களில் அதைக் கொக்கியால் மாட்டிக்கொண்டே போக வேண்டும். விழுந்தால் கடைசியாக மாட்டிய வளையமும் கீழே கயிறு பிடித்திருப்பவரும் நம்மைத் தாங்குவார்கள். உச்சியில் ஒரு சங்கிலி தொங்கும். தரையிலிருந்து புறப்பட்டு, ஒரு தடவைகூட விழாமல், கயிற்றில் தொங்கி மூச்சு வாங்காமல், அந்தச் சங்கிலியில் கயிற்றை மாட்டினால்தான் ஏறியதாகக் கணக்கு. நடுவில் விழுந்தால் எல்லாம் போச்சு. மறுபடி தரையிலிருந்து.

பத்து வருஷத்துக்கு மேலாக நான் மறுபடி தரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். காரணம் கஞ்சன்.

கஞ்சன் ஆள் இல்லை, ஒரு பிடி. சுவரின் முக்கால் உயரத்தில் இருக்கிறான். வலதுகை நடுவிரலை நகம் வரைக்கும் உள்ளே விடுவான், மோதிரவிரலை ஓரத்தில் தொற்றிக்கொள்ள விடுவான், அதோடு சரி. இடது ஓரம் கண்ணாடி மாதிரி வழுக்கும். அவனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று இடதுகையை மேலே நீட்டினால் அடுத்த பிடி நல்ல பிடி. அதற்கப்புறம் சங்கிலி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் எழுந்து நிற்க விடமாட்டான். மழைக்காலம் போய் வெயில் வந்து மறுபடி மழை வந்து, எனக்குத் தலை நரைக்கத் தொடங்கி, முழங்காலில் அடிபட்டு ஒரு வருஷம் நொண்டி, எல்லாம் ஆயிற்று. கஞ்சன் மட்டும் ஒரு நூலளவு இரங்கவில்லை. அவனை நான் திட்டாத திட்டு இல்லை. ஒரு நாள்கூட அவனை வெறுத்ததில்லை.

எங்கள் குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுவரில் முதல் முதலாக வளையம் அடித்தவர் கீழ் வளையத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுவார். அந்த ரிப்பன் இருக்கும்வரை அது அவருடைய சுவர். அவர் ஏறி முடித்து அவரே அதை அவிழ்க்கும்வரை வேறு யாரும் கை வைக்கக்கூடாது. வடக்குச் சுவரில் வளையம் அடித்தது நான். வெயிலில் வெளுத்துப் போகும் ரிப்பனை வருஷாவருஷம் மாற்றிக் கட்டியதும் நான்.

கயிறு பிடிப்பது என் வீட்டுக்காரர். அவருக்கு டைல்ஸ் போடுகிற வேலை. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். ஏறுவதெல்லாம் அவருக்கு ஆகாது, ஏணியில் நாலாவது படிக்கு மேல் போனாலே கால் உதறும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேனிலிருந்து டைல் பெட்டிகளை இறக்கிவிட்டு என் கயிற்று மூட்டையை ஏற்றிவிடுவார். நான் விழுவேன், அவர் தாங்குவார். இறக்கி விட்டதும், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். வேறு எந்தப் புருஷன் இப்படி வருவான் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் பல் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். குவாரியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர், சொன்னால் சொன்னதுதான். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்ததாகச் சொன்னார். 'எல்லோரும்' என்றால் அவரும், சில்வண்டும், இன்னும் இரண்டு தலையாட்டிகளும்.

"ஒரு சுவரை ஒருத்தரே காலம் பூரா வச்சிக்கிறது நியாயமில்லம்மா. மழை வர்றதுக்குள்ள நீங்க ஏறணும். இல்லன்னா ரிப்பனை அவிழ்த்துடுவோம். யார் வேணா ஏறலாம்" என்றார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுவாரே, அந்தக் குரலில்.

யார் வேணா என்றால் சில்வண்டு. வங்கியில் வேலை பார்க்கிற சின்னப் பெண். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். கை மட்டும் இரும்பு. மற்ற சுவர்களில் எனக்கு இரண்டு வருஷம் பிடித்ததை அவள் இரண்டு வாரத்தில் ஏறிவிடுவாள். வடக்குச் சுவருக்குக் கீழே நின்று அவள் அண்ணாந்து பார்க்கிற பார்வையை நான் கவனித்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும்.

"பிடுங்கிக்கோங்க. வீட்டுல கட்டிலு, பீரோ இருக்கு, அதையும் எடுத்துக்கோங்க" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பின்னாலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கஞ்சனைப் பிடித்து எழுந்து நின்றேன். உண்மையாகவே நின்றேன். இடதுகை நீண்டு, மேல் பிடியின் உதட்டைத் தொட்டது. தொட்ட அதிர்ச்சியிலேயே கால் நழுவி விழுந்தேன். கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ குதித்தது. அடுத்த தடவை, தவறினால் அதற்கடுத்த தடவை. இது ஆசை இல்லை, விரல் சொன்ன சேதி. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏறி முடிக்கிறவரை நல்லதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம். கீழேயிருந்து பார்த்தவருக்கு அது வழக்கமான விழுகைதான். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார்.

மழைக்கு முந்தின அந்த ஞாயிறு வானம் மூடியிருந்தது. பாறை சில்லென்று, ஈரமில்லாமல் இருந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பல் டாக்டரும் சில்வண்டும் வந்து பின்னால் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள், தீர்ப்பு எழுத வந்த மாதிரி. நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. இடுப்புப் பட்டையை இறுக்கி, கயிற்றை முடிந்து, கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு ஏறினேன்.

நல்ல உடம்பு அன்றைக்கு. கீழ்ப்பகுதி முழுக்க மூச்சுக்கூட வாங்கவில்லை. கஞ்சனுக்குக் கீழே இருக்கும் வளையத்தில் கயிற்றை மாட்டினேன். வலதுகையை நீட்டினேன்.

விரல் உள்ளே போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. நடுவிரல் இரண்டாவது கணு வரைக்கும் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் மோதிரவிரலும் போனது. சுண்டுவிரலுக்கும் இடம் இருந்தது. கஞ்சன் ஒரே வாரத்தில் வள்ளலாகிவிட்டான்.

எனக்கு முதலில் புரியவில்லை. இடம் மாறிப் பிடித்துவிட்டேனோ என்று பார்த்தேன். அதே இடம்தான். கருத்த பாறையில் அந்தக் குழி மட்டும் புதுசாக, வெளிறிப் போயிருந்தது. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன உளித் தடம். அதைவிட மோசம், என் விரல் அறுபடக்கூடாது என்று ஓரத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தது. அவ்வளவு நறுவிசாகக் கல்லில் வேலை செய்கிற கையை நான் அறிவேன். எங்கள் வீட்டுச் சமையலறை மேடையின் ஓரமும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் குழியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தொங்கலாம். எழுந்து நிற்பது ஒரு பொருட்டே இல்லை. நல்ல பிடி கைக்கெட்டும் தூரத்தில், சங்கிலி அதற்கு மேலே. ஏறினால் கீழே கைதட்டுவார்கள், ரிப்பனை நானே அவிழ்க்கலாம், திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தலாம். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. எனக்குள் ஏறியது பயமோ களைப்போ இல்லை, அத்தனையும் ஆத்திரம். எவனோ என் வாயிலிருந்ததைப் பிடுங்கி, மென்று, திரும்ப என் வாயிலேயே ஊட்டின மாதிரி அருவருப்பாக இருந்தது.

விரல்களை எடுத்தேன். விழுந்தேன்.

"அய்யோ!" என்று சில்வண்டு கத்தினாள். அவர் கயிற்றை மெல்ல விட்டு என்னை இறக்கினார். கால் தரையில் பட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சனைச் செதுக்கியிருக்கு" என்றேன்.

பல் டாக்டர் எழுந்து நின்றார். பின்பக்கத்துப் பாதை வழியாக உச்சிக்குப் போய், அங்கிருந்து கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். டாக்டர் இறங்கி வந்து என் கைகளைப் பார்த்தார்; அப்புறம் என் முகத்தை.

"உளி வச்சிருக்காங்க. பாறையைச் செதுக்குறது எவ்வளவு பெரிய தப்புன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பிடி போச்சு, இனிமே யாருக்கும் கிடையாது" என்றார். கீழ் வளையத்து ரிப்பனைக் காட்டி, "ரிப்பன் போகப்போகுதுன்னு யாருக்கும்மா இங்க அவசரம்?" என்றார். அவர் குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் கொடுமை.

"நான் செதுக்கியிருந்தா எதுக்கு டாக்டர் விழுவேன்? எதுக்கு வந்து சொல்வேன்?"

"மனசு உறுத்தியிருக்கலாம்."

இத்தனை வருஷமாகப் பழகிய மனுஷர், என்னைத் திருடி என்கிறார். நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்லட்டும் என்று பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சில்வண்டு என்னைப் பார்த்தாள், டாக்டர் என்னைப் பார்த்தார், என்னைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். நானே சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், "நான்தான்" என்றார். கயிற்றைப் பார்த்தே சொன்னார்.

புதன்கிழமை வேலைக்குப் போகாமல் அங்கே போயிருக்கிறார். பின்பாதையில் ஏறி, என் பழைய கயிற்றைக் கட்டி, ஏணியில் நாலாவது படிக்கு நடுங்குகிறவர் அந்த உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறார். "சின்ன உளிதான். பத்து நிமிஷ வேலை" என்றார், ஏதோ கசிகிற குழாயைச் சரிபண்ணின மாதிரி.

சில்வண்டு அழுதுவிட்டாள். "அண்ணே, அதுல ஒரு தடவையாவது ஏறணும்னு நான் எவ்ளோ நாளா காத்திருந்தேன் தெரியுமா? ரிப்பனுக்கு மரியாதை குடுத்து ஒரு விரல்கூட வைக்கலண்ணே" என்றாள். அவள்மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் அந்த நிமிஷமே எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே ஆள் திருடியிருந்தார். டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கீழ் வளையத்துக்குப் போய் ரிப்பனை நானே அவிழ்த்துத் தூர எறிந்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

பாதி வழி வரைக்கும் பின்னால் மிச்ச டைல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன.

"நீ அழறதைப் பார்க்க முடியல" என்றார்.

"நான் எப்ப அழுதேன்?"

"அன்னைக்கு டாக்டர் சொன்னப்போ…"

"கத்தினேன். கத்தறதுக்கும் அழறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? இத்தனை வருஷம் என்னோட குடும்பம் நடத்தியிருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேன் ஒரு குலுக்கு குலுக்கியது. அவர் ஓரமாக நிறுத்தினார். வண்டிகள் விர்விர்ரென்று எங்களைக் கடந்து போயின.

"கெடுதல் நினைச்சா செஞ்சேன்? ரிப்பனை அவிழ்த்துட்டா உனக்குன்னு என்ன இருக்கும்? அந்தப் பொண்ணு ரெண்டே வாரத்துல ஏறிடும். நீ கீழ நின்னு பார்ப்பியா?"

"அதுக்கு முன்னாடி நான் ஏறியிருப்பேன்."

அவர் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் என்னை எழுப்பியது. அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் கஞ்சனுக்குக் கையை நீட்டும்போதெல்லாம் கயிறு இடுப்பில் லேசாக இறுகும். கயிறு பிடிக்கிறவர் ஒரு அடி பின்னால் போய், உடம்பைச் சாய்த்து, தாங்கத் தயாராகும்போது அப்படி இறுகும். மற்ற எந்த இடத்திலும் அவர் அப்படிச் செய்வதில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும், நான் விழுவதற்கு முன்னாலேயே அவர் விழுகைக்குத் தயாராகி நின்றிருக்கிறார். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் பூரித்துப் போயிருந்தேன், முட்டாள்.

"என்னால முடியாதுன்னு நினைச்சீங்க. அதான் உளியைத் தூக்கினீங்க. என்னைப் பாவப்பட்ட ஜென்மம்னு முடிவு கட்டிட்டீங்க."

"அப்படி இல்ல…"

"நான் ஏறுவேன்னு நம்பினீங்களா, இல்லையா?"

"நம்பினேன்."

"எந்த வருஷம் வரைக்கும்?"

ஆத்திரத்தில் கேட்டது. யாராவது அதற்குப் பதில் சொல்வார்களா? சண்டையில் இதெல்லாம் கேள்வியா? இவர் சொல்வார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"உனக்கு முழங்கால்ல அடிபட்டுச்சே… அதுவரைக்கும்" என்றார்.

முழங்கால் ஆறித் தழும்பும் மங்கிப்போன காலம் இது. அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இதுதான் தலையெழுத்து. வேனிலிருந்து இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டு வீடுவரை நடந்தே போனேன். அவர் பின்னாலேயே வேனை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஊர்வலத்தை மாடி வீட்டுக்காரி பால்கனியிலிருந்து பார்த்தாள்.

அப்புறம் வீட்டில் நான் அவரோடு பேசவில்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று பிரிட்ஜிடம் சொல்வேன். "சலவைக்குப் போட வேண்டியது இருந்தா போடலாம்" என்று சுவரிடம் சொல்வேன். அவரும் பிரிட்ஜைப் பார்த்தே "சரி" என்பார். மழை வந்தது, கொட்டியது, விட்டது. இந்தக் காலமெல்லாம் என் விரலுக்குள் அந்தப் பழைய கஞ்சன் அப்படியே இருந்தான். விரிப்பு மடிக்கும்போது துணியின் மடிப்பில் நடுவிரல் தானாகப் போய் அவனைத் தேடும். இல்லாத ஒன்றைத் தேடுகிறதே என்று என் விரல்மேலேயே கோபம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன டப்பா. "கல்லுக்கு ஒட்டுற பசை இது. அதே பாறைத் தூளைக் கலந்து அடைச்சா பாறை உடைஞ்சாலும் இது உடையாது. பழைய மாதிரியே ஆக்கித் தரேன்" என்றார்.

"பழைய மாதிரின்னா என்னன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் டப்பாவை வாங்கிப் படித்துப் பார்த்தேன்.

பல் டாக்டரிடம் கேட்டேன். "ஒட்டுப்போட்ட பாறை கணக்குல வராதும்மா. யாரு ஏறினாலும் ஏறினதா ஒத்துக்க முடியாது" என்றார்.

"நான் உங்ககிட்ட ஒத்துக்கச் சொன்னேனா? அடைக்கலாமான்னு கேட்டேன்" என்றேன். அடைத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை நாளில், ஆளில்லாத நேரத்தில் போனோம். உச்சியிலிருந்து இரண்டு கயிறு கட்டி, பக்கம் பக்கமாக இறங்கினோம். அவர் கண்ணைக் கீழே விடவில்லை, உதடு வெளுத்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. தொங்கட்டும் என்று இருந்தது. தட்டில் பசையையும் தூளையும் குழைத்து, குழியில் அழுத்தி, மெல்லிய கரண்டியால் வழித்தார். நான் சொல்லித்தர வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. தானே முணுமுணுத்துக்கொண்டு செய்தார்.

"நடுவிரல் நகம் வரைக்கும்… உள்ள போகப் போகக் கொஞ்சம் கீழ சாயும்… மோதிரவிரல் இங்க தொத்தும், ஆனா தங்காது… இடது பக்கம் கண்ணாடி…" நனைத்த விரலால் இடது ஓரத்தைத் தேய்த்து வழுக்க வைத்தார். "உள்ள ஒரு சின்ன மேடு இருக்கும்னு சொல்வே, கடுகு மாதிரி" என்று சொல்லிக் கரண்டி முனையால் அதையும் வைத்தார்.

பசை இறுகும்வரை தொங்கிவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். கஞ்சன்தான். அந்தக் கடுகு மேடு உட்பட, அச்சு அசல் கஞ்சன். தினம் தினம் சாப்பாட்டு மேசையில் நான் புலம்பியதையெல்லாம் இந்த மனுஷன் ஒன்று விடாமல் கேட்டு, மனசில் வைத்திருக்கிறார். விரலை எடுக்க மனசு வரவில்லை. அடுத்த நொடியே முன்பைவிட இரண்டு பங்கு கோபம் வந்தது. தான் தொட்டே பார்க்காத ஒரு பிடியை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவருக்கு, பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற என்னைத் தெரியவில்லை.

"சரியா இருக்கா?" என்றார்.

"சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"கயிறு?"

"சில்வண்டு பிடிப்பா."

அவர் தட்டில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் சுரண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். சில்வண்டு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அக்கா, காத்து நல்லா இருக்குக்கா, பாறை காய்ஞ்சிருக்குக்கா, நீங்க தூங்கினீங்களாக்கா, நான் தூங்கவே இல்லக்கா" என்று நான் முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை நிறுத்தவில்லை. ஏறத் தொடங்கினேன். கீழே அவள் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. கஞ்சனுக்குக் கீழ் வளையத்தில் கயிற்றை மாட்டினேன். கையை நீட்டினேன்.

இடுப்பில் கயிறு இறுகவில்லை. தளர்ந்தே தொங்கியது. அங்கே அது இறுகாமல் நான் ஏறியதே இல்லை. கீழே எட்டிப் பார்த்தேன். சில்வண்டு சுவரை ஒட்டி நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போங்கக்கா, என்ன பார்க்கறீங்க, போங்க!" என்றாள், ஏதோ கடைக்குப் போகச் சொல்கிற மாதிரி.

நடுவிரல் நகம் வரைக்கும் போனது. மோதிரவிரல் ஓரத்தில் தொற்றியது. காலை உயர்த்தி வைத்து, டாக்டரை, ரிப்பனை, உளியை, முழங்காலை, 'அதுவரைக்கும்' என்ற வார்த்தையை, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்து நின்றேன். இடதுகை மேல் பிடியில் விழுந்தது, விழுந்து மூடியது. அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. சங்கிலி முகத்துக்கு நேரே இருந்தது. கயிற்றை மாட்டினேன். கொக்கி 'டக்' என்றது. நான் கத்திய கத்தலுக்குக் குவாரியில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. கீழே சில்வண்டு குதித்துக்கொண்டிருந்தாள்; குதிக்கிறபோது கயிறும் என்னைச் சேர்த்துக் குலுக்கியது. பல் டாக்டர் தூரத்தில் வேறொரு சுவருக்குக் கீழே நின்றிருந்தார். கணக்கில் சேர்க்கமாட்டேன் என்றவர், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

இறங்கி வந்து சில்வண்டைக் கட்டிக்கொண்டேன். அடுத்து அவளைக் கட்டி ஏற்றிவிட்டு நான் கயிறு பிடித்தேன். கஞ்சன் அவளையும் கீழே தள்ளினான். "அய்யய்யோ, என்னக்கா இவன் இப்படி இருக்கான்!" என்று அவள் தொங்கிக்கொண்டே சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பஸ்ஸில் வரும்போது கோபம் கரைந்துகொண்டே வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பிரிட்ஜிடம் சொல்லலாமா, நேராகவே சொல்லலாமா? நேராகச் சொல்வது என்று முடிவு செய்தேன். தப்புச் செய்தார்தான், ஆனாலும் இதை முதலில் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அக்காவுக்குக்கூட அப்புறம்தான்.

மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். மூட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"ஏறிட்டேன்" என்றேன்.

"நிஜமாவா?" என்றார்.

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை, கெடுதல் இல்லை. முகமெல்லாம் சிரிப்பாகத்தான் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது; சிரிப்பு அப்படியே நின்றது. "இல்ல, நான்…" என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல், நீட்டிய கையோடு நின்றார்.

நான் மூட்டையைக் கொடுக்கவில்லை. தோளிலேயே வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி உள்ளே போனேன்.